மை பூசிய பாஸ்புக் நகல்

அன்று சுகாதார நிலையத்தில் நான்கு பேர் இருந்தோம்: நான், பக்கத்துத் தெரு பாயம்மா, பாரிவாக்கம் அடுக்குமாடியிலிருந்து வரும் ரிட்டயர்டு டீச்சர், நகராட்சி கிளார்க். கிளார்க்கைத் தவிர நாங்கள் மூவரும் அறுபதைத் தாண்டிய தன்னார்வலர்கள். வரும் நோயாளிகளை வரிசையில் உட்கார வைப்போம். அதற்கு நகராட்சி மாதம் ஆயிரம் ரூபாய் போக்குவரத்துப் படி தருகிறது.

டீச்சரின் போன் சத்தமிட்டது. பாக்கியிருந்த மூன்று மாதப் படியும் ஒன்றாக வந்துவிட்டதாம். அவருக்குப் பென்ஷன் வேறு வருகிறது. நான் ஏழு மணிக்கே வந்துவிடுவேன், அவர் வருவது பத்துக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

“இன்னாம்மே, எனக்கும் வந்துகீது. உனக்கு வர்லியா?” என்றாள் பாயம்மா.

கிளார்க் நான் படிக்காகக் கொடுத்திருந்த காகிதத்தைத் தேடி எடுத்தார். “பாஸ்புக் நகல்ல அக்கவுண்ட் நம்பர் மேலயே மை பூசி வெச்சிருக்கீங்களேம்மா?”

“நம்பர் தெரிஞ்சா எவனாச்சும் பணத்த உருவிக்குவான்னு பயம் சார்.”

பாயம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. “அதனால என்ன, வேற நகல் எடுத்துக் குடுத்துடலாம்,” என்று என்னை ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார். அந்த நல்ல குணம்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புது நகல் கொடுத்து இரண்டு வாரமாகிறது. டீச்சர் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறார். எனக்கு இன்னும் வரவேண்டியது மூவாயிரம் ரூபாய்.