வெள்ளையடித்த லேப்

மழை பெய்தால் எங்கள் லேபில் ஊறிய அட்டைப்பெட்டி வாசனை வரும்... அதற்கு மேல் அமோனியா.

தொண்ணூறுகளின் நடுவில், டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். கறுப்பின மாணவர்களை வேறெங்கும் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று தொடங்கிய அரசுக் கல்லூரி. அங்கே கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பது என் முதல் வேலை. அதே ஃப்ரீவேயில் கொஞ்ச தூரம் போனால் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம். அங்கே கூரை ஒழுகாது. இரண்டுக்கும் படியளப்பது ஒரே மாநில அரசுதான்.

எங்கள் ஹெட் டாக்டர் லோரெய்ன் அந்தக் கல்லூரியிலேயே படித்தவர். புது லேப் கேட்டு வருடக்கணக்காக எழுதியதில், கடைசியாக மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து ஒரு கமிட்டி நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. லேப் கிடைக்காவிட்டால் கெமிஸ்ட்ரி டிகிரியையே மூட வேண்டியதுதான். கமிட்டி வரவிருந்த வாரம் அவர் ஒரு கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "எதையும் தொடாதீர்கள். இருக்கிறபடி இருக்கட்டும்."

டிபார்ட்மென்டில் இன்னொரு தமிழர், பழனிசாமி சார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் பல இன்ஸ்பெக்‌ஷன்களைக் கரையேற்றியவர்.

"தொட வேண்டாம்னு சொன்னாங்களே சார்?"

"நமக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு சொல்றது தம்பி அது. பெரிய மனுசிங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாலு ஆளுக வாரப்ப இப்படியா வெக்கறது? பளிச்சுன்னு இருக்கோணும்."

எனக்கும் நியாயமாகவே பட்டது. நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தானே...

சீலிங்கின் பழுப்புக் கறை மேல் வெள்ளை பெயின்ட். ஒழுகலுக்கு வைத்திருந்த பக்கெட்டுகள் மாடிப்படிக்கு அடியில். ஃப்ரீவேயில் இருந்த அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நண்பனிடம் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷினை இரவல் வாங்கி, கரோலாவின் பின் சீட்டில் உட்கார வைத்து, சீட்பெல்ட் போட்டு அழைத்து வந்தோம்.

கமிட்டி வந்த காலை, வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்த டாக்டர் லோரெய்ன், லேப் வாசலிலிருந்து சீலிங்கையும் மெஷினையும் பார்த்தார். பிறகு கமிட்டியிடம், "கூரை ஒழுகும்" என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. மெஷின் எங்களுடையதல்ல என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் கல்லூரி ஏமாற்றியதாக ஆகும். கமிட்டித் தலைவர் மெஷினைத் தட்டிக்கொடுத்து, இருப்பதை நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டினார்.

"ஒரு குறை சொல்ல முடியலை, பாத்தீங்ளா தம்பி" என்றார் பழனிசாமி சார்.

மெஷினை அன்று மாலையே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சில மாதங்களில் லேப் பணமும் அதே ஃப்ரீவேயில் அதே திசையில் போனது.

செய்தி வந்த அன்று டாக்டர் லோரெய்ன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தோம்.

"உங்கள் ஊரில் இப்படிச் செய்தால் பணம் வருமா?"

"கட்டாயம் வரும் மேடம்" என்றார் பழனிசாமி சார்.

"நல்ல ஊர்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அம்மாவும் இப்படித்தான். வெள்ளைக்காரர் யாராவது வருகிறார் என்றால் வீட்டையே கழுவித் துடைக்கச் சொல்லுவாள். வந்தவர் பார்த்துவிட்டு, இவர்களுக்கு ஒரு குறையுமில்லை என்று போய்விடுவார். அதனால்தான் தொடாதீர்கள் என்றேன்."

டிகிரியை மூடினார்கள். அவர் ரிட்டயர் ஆனார். பழனிசாமி சார் பார்சிப்பனியில் மகனோடு இருக்கிறார். இந்தப் பேச்சை எடுத்தால் பேரனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

நான் இப்போது ஆஸ்டினை ஒட்டிய வசதியான ரவுண்ட் ராக்கில். போன மாதம் எங்கள் ஏரியா ஸ்கூலுக்குப் புதுக் கட்டடம் கேட்டு ஒரு மீட்டிங். சயின்ஸ் லேபில் தரை டைல் ஒன்றில் விரிசலாம். அதை ஸ்கிரீனில் சுவரளவு பெரிதாக்கிக் காட்டினார்கள். யாருக்கும் வெட்கமில்லை. பணம் வந்துவிடும், சந்தேகமே வேண்டாம்.

அன்று நாங்கள் கறையைக் காட்டியிருந்தால் மட்டும் கொடுத்திருப்பார்களா... தெரியாது. மறுப்பதற்கு அவர்களே ஒரு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.