மகளின் குரல் அழிந்த ஞாயிறு

நான் நீதிமன்றத் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் விவாகரத்து ஆணையில் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. நடுவில் கடல் இருப்பதைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை. மகள் தாயோடு மலேசியாவில், பினாங்கில் வளர்கிறாள். நான் பழவேற்காட்டில் தனியாக இருக்கிறேன்.

அந்த ஞாயிறுகளில் அவள் பேசி அனுப்பிய ஒரே கேசட்டைக் கேட்பேன். ஒருமுறை பக்கத்து வீட்டு மேரியம்மா ஏரி இறாலோடு வந்தார்.

"மொதல்லேர்ந்து போடு சார், நானும் கேக்கறேன்."

பின்னால் ஓட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை.

"இன்னா சார், பொண்ணு கோச்சிகினுச்சா? ஏம்மா, உங்க நைனா கொயம்புல உப்பு போட மறந்துட்டு என் இறாவ கொற சொல்றாரு, நீயே கேளு!"

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் பார்த்தேன்: நான் அழுத்தியிருந்தது பதிவுப் பொத்தான். மகள் பேசிய இடத்தில் இப்போது நாங்கள் இருந்தோம்.

"அழுவாத சார், மறுபடி பேசச் சொல்லு" என்றார் மேரியம்மா.

உரிய விளக்கத்துடன், கெட்டுப்போன கேசட்டையும் ஆதாரமாக இணைத்து மகளுக்கு அனுப்பினேன். புதிய கேசட் வந்தது.

"அப்பா, பழசைத் திருப்பித் தரமாட்டேன். நீங்க சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

இப்போதெல்லாம் அவள் கேசட் வந்ததும் அதன் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுகிறேன். பிறகு அதன்மேல் எதுவும் பதியாது. வாசகர்களும் செய்யலாம். அவளுக்கு நான் பேசி அனுப்புவதை மட்டும் முன்போல் எழுதிவைத்து வாசிப்பதில்லை. மேரியம்மா வரும்வரை காத்திருக்கிறேன்.