ஒரகடத்தில் எரிந்த ஹீட்டர்

1991-ல் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஹீட்டர் செய்யும் ஒரு சின்ன ஷெட்டில் நான் டெஸ்டிங் ஆப்பரேட்டர். இமயமலையில் ரோடு போடும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி, தன் ஆட்களின் கூடாரங்களுக்கு மண்ணெண்ணெய் ஹீட்டர் கேட்டிருந்தது. எங்கள் ஃபிட்டர் தேவசகாயத்தின் மகன் ஜோசப் அதே கம்பெனியில் புல்டோசர் டிரைவர். அதனால் அந்த ஆர்டர் வந்ததிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஷெட்டில் எல்லா ஹீட்டரும் நீலமாக எரிந்தன. ஆனால் ஜோசப் லீவில் வந்தபோது, மலைமேல் ஸ்டவ்கூட ஒழுங்காக எரியாது என்று சொல்லியிருந்தான். மேலே காற்று மெலிசு. அதே எண்ணெய் எரிய ஆக்ஸிஜன் போதாது. மேனேஜரை நச்சரித்து ஒரு ஹீட்டரை வாங்கிக்கொண்டு, நானும் தேவசகாயமும் ஊட்டிக்கு பஸ் ஏறினோம். தொட்டபெட்டாவில் பற்றவைத்தால் மஞ்சள் தீ, கரும்புகை. ஜோசப்பின் முகாம் அதைவிட எவ்வளவோ உயரம். எண்ணெய் பீச்சும் ஜெட்டைக் கழற்றிவிட்டு, சின்னத் துளை ஜெட்டைப் போட்டோம். தீ நீலமானது. தேவசகாயம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்து எல்லா ஹீட்டருக்கும் சின்ன ஜெட்டையே போட்டோம். ஆனால் அந்தக் கம்பெனியிலிருந்து சரக்கு வாங்க வந்த இன்ஸ்பெக்டர் டெஸ்ட் செய்தது எங்கள் ஷெட்டில், சித்திரை வெயிலில். சின்ன ஜெட்டில் எண்ணெய் குறைவு. ஆர்டரோடு வந்த ஸ்பெக்கில் போட்டிருந்த அளவு சூடு வரவில்லை.

“ரிஜெக்ட்” என்றார்.

“சார், மேல இதான் சார் எரியும். பெரிய ஜெட்டு போட்டா வெறும் பொகதான். எம்புள்ள அங்க கீறான் சார்” என்று தேவசகாயம் கெஞ்சினார்.

“புரியுதுங்க. ஆனா டெஸ்ட் இங்கதானே? ஸ்பெக்க மாத்த எனக்குப் பவர் இல்ல.”

நான் கத்தினேன். மேனேஜர் என் முகத்தையே பார்க்கவில்லை. “இங்க பாஸானாதாம்ப்பா லாரி ஏறும். பழைய ஜெட்டையே போடுங்க” என்றார்.

தேவசகாயம்தான் போட்டார். ஒன்றுவிடாமல் பாஸ்.

குளிர்காலம் முடிந்து ஜோசப் வந்தபோது பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பனி கடித்து, வலது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். ஹீட்டரைப் பற்றி ஜோசப்பே பேச்செடுத்தான்:

“பொகையா கக்குதுன்னு பசங்கல்லாம் அத்தத் தூக்கி வெளில போடுன்னாங்கப்பா. எங்கப்பா செஞ்சது, எரியும்டான்னு நான்தான் பத்தவெச்சுக்கினே இருந்தேன்.”

தேவசகாயம் எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்று இந்தப் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பொருள் எங்கே ஓட வேண்டுமோ, அந்த இடத்துக்குத்தான் டெஸ்ட் என்று சண்டை போடுங்கள். நாங்களும் போட்டோம், தோற்றோம். விரல் போனது ஜோசப்புக்கு.