குமிழி நிற்கக் கூடாது

என் தங்கையை வீட்டில் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; அதைச் சொல்லி அழைத்தால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். சின்ன உடம்பு. கை சும்மா இருக்காது. சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் அதை நேராக்காமல் உட்கார மாட்டாள், அது அடுத்தவர் வீட்டுக் காலண்டராக இருந்தாலும்.

மீன்காட்சியகத்தில் கண்ணாடி துடைப்பது அவள் வேலை. கூரை வரைக்கும் உயர்ந்த கண்ணாடித் தொட்டிகள், உள்ளே சுறாவும் திருக்கையும். பார்க்க வருகிறவர்கள் உள்ளங்கையையும் மூக்கையும் கண்ணாடியில் பதித்துவிட்டுப் போவார்கள். எறும்பு பின்னாலேயே போய், மேலிருந்து கீழாக, ஓர் இடம் விடாமல் துடைப்பாள். அவள் துடைத்து முடித்த இடத்தில் கண்ணாடி இருப்பதே தெரியாமல் ஒரு பெரியவர் போய் நெற்றியை இடித்துக்கொண்டார். அதை என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவளுக்கு நிம்மதி இல்லை. "இந்தப் பக்கம் நான் எவ்வளவு தேய்ச்சாலும் பாதி அழுக்கு அந்தப் பக்கம்தான்க்கா இருக்கு" என்பாள். பெரிய தொட்டியில், சரியாக அவள் கண் உயரத்தில், உட்புறமாக ஒரு பாசித் திட்டு. கட்டைவிரல் நகம் அளவுதான். சிலிண்டர் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கிச் சுத்தம் செய்பவர் ஒவ்வொரு முறையும் அதை விட்டுவிட்டுப் போவார். இவள் வெளியே நின்று விரலை நீட்டிக் காட்டுவாள். அவர் இவள் ஏதோ நலம் விசாரிப்பதாக நினைத்துக் கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இப்படியே வருடங்கள் போயின.

அந்த மனிதர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்த அன்றைக்கே இவள் மேலாளர் முன்னால் போய் நின்றாள். "மேடம், நான் இறங்குறேன்."

நீச்சல் தெரியும் என்பதால் மேலாளர் மறுக்கவில்லை. ஆனால் சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபா பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். பயிற்றுநர் 'சரி' என்று சொன்னால் வேலை இவளுக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். இவள் பழையபடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "வெளிய நின்னு துடைச்சா கை தேஞ்சா போயிடுது? தண்ணிக்குள்ள போய் சுறாவுக்கு முதுகு தேய்ச்சு விடணுமா உனக்கு?"

"சுறாவுக்கு இல்லம்மா. கண்ணாடிக்கு."

"எதுக்கோ! பெரியவ கூட வந்தா போ. இல்லன்னா போகாத."

பெரியவள் நான். எனக்கு வாளித் தண்ணீரில் தலையை முக்கினாலே மூச்சுத் திணறும். இருந்தாலும் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அவளோடு போனேன்.

பயிற்சி முதலில் ஒரு நீச்சல்குளத்தில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். கட்டையான குரல், அளந்து பேசுகிறவர். முதல் நாள் ஒரு பலூனைப் பாதி ஊதிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "தண்ணிக்குள்ள எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மூச்சை நிறுத்தாதீங்க. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. ஆழத்துல இழுத்த காத்து மேல வர வர இந்த பலூன் மாதிரி பெருசாகும். விட்டுக்கிட்டே வந்தா ஒண்ணுமில்ல. அடக்கிப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும்."

கிழிஞ்சிரும் என்ற சொல்லை அவர் பலூன் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எறும்பு தலையாட்டினாள். இவ்வளவுதானா என்று கேட்பதுபோல் இருந்தது அவள் முகம்.

முதல் இரண்டு வகுப்புகளும் நன்றாகவே போயின. வாயில் சிலிண்டர் குழாயின் ரப்பரைக் கவ்வி, குளத்தின் அடியில் மண்டியிட்டு, மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றினாள். நான் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலைக்கு மேலே குமிழிகள் கொத்துக்கொத்தாக வந்து உடைந்தன. குமிழி வந்தால் மூச்சு விடுகிறாள். அது ஒன்று எனக்குப் புரிந்ததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வகுப்பில், சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் படித்துச் சொல்லும்படி மாஸ்டர் சைகை காட்டினார். எறும்பு மீட்டரைக் கண்ணருகே கொண்டுபோய் முள்ளை உற்றுப் பார்த்தாள். குமிழி நின்றது. நின்றதோடு போகவில்லை, காற்று நிறைந்த நெஞ்சோடு அவள் தானாகவே மேலே மிதக்கத் தொடங்கினாள். அவளுக்கே அது தெரியவில்லை. மீட்டரைப் படித்துக்கொண்டே மேலே வருகிறாள்! மாஸ்டர் எட்டி அவள் தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தி, நெஞ்சில் தட்டினார். பெரிய குமிழி ஒன்று வந்தது.

கரைக்கு வந்ததும் அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பயந்துட்டீங்களா?"

"இல்ல மாஸ்டர்."

"தெரியும். பயந்தவங்க வேகமா மூச்சு விடுவாங்க. நீங்க நிறுத்துறீங்க. அன்னைக்கு பக்கிள் மாட்டும்போதும் நின்னுச்சு. சின்னதா எதையாவது உத்துப் பாத்தா போதும், நின்னுடுது. இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"அக்கா கடையில ஃபோன் ரிப்பேர்."

நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

என் கடை ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு அடங்கும் இடம். பள்ளி முடித்ததும் எறும்பு அங்கேதான் பல வருடம் இருந்தாள். ஃபோனுக்குள் இருக்கும் ஸ்க்ரூ கடுகைவிடச் சின்னது. மூச்சுப் பட்டாலே பறந்துவிடும். பறந்தால் தரையில் கன்னத்தை வைத்துத் தேட வேண்டியதுதான். அதனால் பூதக்கண்ணாடிக்கு அடியில் கை போனதும் மூச்சு நின்றுவிடும். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாலு ஸ்க்ரூவைத் தொலைத்தால் தானாக வந்துவிடும். எறும்பின் கை சுத்தத்துக்கு ஈடு கிடையாது. அவள் சால்டரிங் வைத்த இடத்தை நானே கண்டுபிடிக்கத் திணறியிருக்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை கடல்ல முதல் தடவை இறங்குறோம்" என்றார் மாஸ்டர். "அங்க இப்படி மேல வந்தீங்கன்னா நான் மறுபடி இறக்க மாட்டேன். உங்க ஆபீசுக்கும் சொல்லிடுவேன். நீங்க நல்லா செய்றீங்க, ஆனா உயிரோட விளையாட முடியாது."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ் ஜன்னலில் யாரோ வைத்திருந்த கைத்தடத்தைக்கூட எறும்பு துடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கவலை வந்தது.

மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்து, "ஒரு பழைய ஃபோனைக் குடுக்கா. நான் கழட்டிப் பூட்டுறேன். மூச்சு நின்னா சொல்லு" என்றாள். அவள் தோளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தோள் ஏறி இறங்குவது நின்றால் மேசையில் விரலால் தட்டுவேன். தட்டினால் விடுவாள். அடுத்த ஸ்க்ரூவில் மறுபடி நிற்கும். மறுபடி தட்டுவேன். விட்ட மூச்சில் ஸ்க்ரூ பறக்கும்.

"தட்டாத! கைக்குள்ள மரங்கொத்தி வச்சிருக்கியா?"

"நீதானேடி தட்டச் சொன்ன!"

ட்வீசரை மேசையில் எறிந்தாள். அவள் ஒரு கருவியை எறிந்து நான் பார்த்ததில்லை. பிறகு அவளே அதை எடுத்து, முனை வளைந்திருக்கிறதா என்று பார்த்து, வைக்கிற இடத்தில் வைத்தாள். "விட்டா பறக்குது. அதனாலதான் நிக்குது. பறக்கலன்னா நிக்காது" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

அடுத்த நாள் வரும்போது பையில் ஸ்நார்கல் இருந்தது. நீந்துகிறவர்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடியே மூச்சுவிட வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த குழாய். குளத்தில் இரவல் வாங்கியிருக்கிறாள். அதைக் கவ்விக்கொண்டு பூதக்கண்ணாடிக்கு அடியில் குனிந்தாள். மூச்சு குழாய் வழியாகக் காதுக்கு மேலே போனது. ஸ்க்ரூ அசையவில்லை. இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம். நின்றால் கடையே அமைதியாகிவிடும்; அவளுக்கே கேட்கும்.

ஃபோனைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடிவந்த ஒரு வாடிக்கையாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னங்க, தண்ணில விழுந்த ஃபோனுக்கு இப்படித்தான் ரிப்பேரா?"

"ரொம்ப ஆழத்துல விழுந்திருந்தா இப்படித்தான்" என்றேன்.

"என்னோடது வாளியிலதான் விழுந்துச்சு."

"அப்ப குழாய் வேண்டாம். வச்சிட்டுப் போங்க."

எறும்பு குழாய்க்குள்ளேயே சிரித்தாள். அது நாய் குரைப்பதுபோல் கேட்டது.

அந்த வாரம் முழுக்க அவள் வேலை முடிந்து வந்து குழாயோடு ரிப்பேர் பார்த்தாள். சத்தம் ஒழுங்காக வந்தது. ஆனால் சனிக்கிழமை குழாயைக் கழற்றிவிட்டு ஒரு ஃபோனில் கேமராவைப் பூட்டும்போது என் காது கூர்ந்தது. நின்றுவிட்டது. அவளும் கவனித்துவிட்டாள்.

"பழசு அப்படியேதான்க்கா இருக்கு."

"தண்ணிக்குள்ள வாயில ரப்பர் இருக்குமே."

"குளத்துலயும்தான் இருந்துச்சு. அப்பவும் நின்னுச்சே."

அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று இல்லை. தண்ணீர் பச்சையாகத் தெளிந்து கிடந்தது. படகோட்டி எனக்கு மிதவை உடுப்பு ஒன்றை மாட்டி வாரை இறுக்கினார். அதையும் போட்டுக்கொண்டு படகின் நடுக்கம்பியையும் நான் கட்டிப் பிடித்திருந்தேன்.

"அக்கா, படகு ஓடாது. நங்கூரம் போட்டிருக்கு."

"பரவாயில்லைங்க. பிடிச்சுக்கறேன்."

மாஸ்டரும் எறும்பும் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள். தண்ணீர் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு குமிழிக் கொத்துகள் வந்தன. ஒன்று பெரிது, நிதானமானது. இன்னொன்று சின்னது, அடிக்கடி வருவது. சின்னது எங்கள் வீட்டுக் குமிழி என்று முடிவு செய்துகொண்டேன்.

திடீரென்று சின்னது நின்றது. அந்த இடத்தில் நூல் பிடித்ததுபோல் பொடிப்பொடியாக ஏதோ வந்தது.

"ஐயோ! நின்னுடுச்சு!"

படகோட்டி எட்டிப் பார்த்தார். "நிக்கலக்கா. வாயில இருக்கறதைக் கழட்டி மாட்டுற பயிற்சி. கழட்டியிருக்கும்போது மெல்ல ஊதிக்கிட்டே இருக்கணும். அதான் பொடியா வருது. மாட்டினா சரியாயிடும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பழைய குமிழி வந்தது. "நீங்க மூச்சு விடுங்க" என்றார் அவர். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு கொத்துகளும் மெல்ல நகர்ந்து பாறைப் பக்கம் போயின. அங்கே நகராமல் ஒரே இடத்தில் வந்தன. மாஸ்டரின் குமிழி வந்தது. மறுபடியும் அவருடையது. எறும்பின் இடத்தில் ஒன்றுமில்லை. பொடிக்குமிழிகூட இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் மழமழவென்று கிடந்தது. நான் படகோட்டியைப் பார்த்தேன். இந்த முறை அவரும் பல்லில் கடித்திருந்த குச்சியை எடுத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். என் விரல் படகின் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. அது அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் தட்டினேன்.

குடம் கவிழ்ந்ததுபோல் ஒரு பெரிய குமிழி வந்து உடைந்தது. அதன் பின்னாலேயே சின்னச் சின்னதாக, ஒழுங்காக, வரிசையாக.

அவர்கள் மேலே வந்து படகில் ஏறும்வரை நான் குமிழிகளையே எண்ணிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கைச் சிந்தினார். தண்ணீர் குடித்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"ஒரு தடவை நின்னுச்சு" என்றார் எறும்பிடம்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "தெரியும் மாஸ்டர்."

"பாறைகிட்ட. நான் தொடலாம்னு கையைக் கொண்டு வந்தேன். அதுக்குள்ள நீங்களே விட்டுட்டீங்க. மேலயும் கிளம்பல." பாட்டிலை மூடினார். "நிக்கவே நிக்காத ஆளை நான் பாத்ததில்ல. நின்னா தனக்கே தெரியணும். எனக்கு அதுதான் வேணும். நாளைக்கும் சீக்கிரம் வந்துடுங்க, இன்னும் இறக்கம் பாக்கி இருக்கு."

அவர் முன்பக்கம் போனதும் நான் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. "அப்படி என்னடி பாத்த அங்க?"

"பாறையில ஒரு பூச்சிக்கா. அப்படியே ஸ்க்ரூ மாதிரி, மரை எல்லாம் போட்டு. இத்தினியூண்டு. மூச்சு விட்டா பறந்துடும்னு தோணிச்சு." குளிரில் பல் அடித்துக்கொள்ளச் சிரித்தாள். "அப்புறம்தான் நெனச்சேன், தண்ணிக்குள்ள எங்க பறக்கப்போகுதுன்னு. விட்டேன். அது டக்குனு பொந்துக்குள்ள போயிடுச்சு."

"அப்ப பறந்துடுச்சு."

"தேட வேண்டாம்க்கா. அதுவே வெளிய வந்திருக்கும்."

மறுநாளும் இறங்கினாள். மாஸ்டர் 'சரி' சொன்னார். அம்மாவிடம் சொன்னபோது, "சுறாகிட்டயும் சொல்லிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் பெரிய தொட்டியில் இறங்கும் நாளில் நான் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். திருக்கை ஒன்று அவள் தலைக்கு மேலே போர்வைபோல் போயிற்று. அவள் அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிரஷ்ஷோடு நேராக அந்தப் பாசித் திட்டுக்கு வந்தாள். தேய்த்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, போயிற்றா என்று உற்றுப் பார்த்தாள். புருவம் பூதக்கண்ணாடிக்கு அடியில் நெளிவதுபோல் நெளிந்தது.

குமிழி நின்றது.

என் விரல் கண்ணாடியைத் தட்ட எழுந்துவிட்டது. தட்டக் கூடாது என்று பக்கத்திலேயே பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். விரலை மடக்குவதற்குள் குமிழி கொத்தாக வந்து மேலே போனது.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். நான் கையசைக்கவில்லை, அது என்னவென்று எனக்குத் தெரியும். கிட்டே நின்று பார்த்ததில் என் மூக்கும் உள்ளங்கையும் கண்ணாடியில் அப்பியிருந்தன. கைக்குட்டையை எடுத்து, மேலிருந்து கீழாகத் துடைத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, விட்டுப்போன ஒரு மூலையையும் காட்டினாள்.