எலுமிச்சை நசுங்காமல் எட்டுப் போட்ட எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் தயவுசெய்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இதில் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

அக்கா தாராவியில் பிறந்தார். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் நாங்கள் எல்லோரும் திருநெல்வேலி என்போம். அக்கா மட்டும் தாராவி என்பார். "பொறந்தது இங்க, வளர்ந்தது இங்க, அப்புறம் என்னத்துக்குப் பொய் சொல்லணும்?" என்று கேட்பார். அப்பா, பாய் மாமாவின் லெதர் பட்டறையில் பை தைத்தார். அம்மா வீட்டிலிருந்தே கைப்பிடி ஒட்டிக் கொடுத்தார். அக்காதான் மூத்தவர், நான் அடுத்தவள். அக்கா ஆய்வுக்கூடப் படிப்பு படித்து, ரத்தம் எடுக்கக் கற்றார். ஊசி குத்தியது தெரியாமல் எடுப்பார் என்பது இம்மலரை வாசிக்கும் பலருக்குத் தங்கள் கைகளாலேயே தெரியும்.

படிப்பு முடிந்ததும் செம்பூரில் ஒரு லேபில் வேலை இருப்பதாகத் தெரிந்தது. விடிகாலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றில் இருக்கும் பெரியவர்களிடம் ரத்தம் எடுத்துவர வேண்டும். வீடுகள் பெரும்பாலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இருந்தன. டிரெயினில் போய் இறங்கி நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. போய்ச் சேர்வதற்குள் அவர்கள் காபி குடித்துவிட்டால் அன்றைய பரிசோதனை வீண். மாதுங்காவில் காலைக் காபியைத் தள்ளிப்போடச் சொல்வது லேசான காரியமா? லேபில் இருந்ததோ ஒரே ஒரு கியர் பைக். "மழைக்கு முன்னாடி லைசன்ஸ் கொண்டாந்தா வேலை உனக்கு" என்று லேப்காரர் சொல்லிவிட்டார்.

அப்பா ஒரேயடியாக மறுத்தார். "பொட்டப்புள்ள கியர் வண்டியில காலத் தூக்கிப் போட்டுட்டுப் போறதா?" என்றார். ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை, விருப்பமும் இல்லை. பட்டினி கிடந்து அழுது பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் பேசினார். "மழைக்குள்ள லைசன்ஸ் வாங்கிட்டா நான் வேலைக்குப் போறேன். வாங்கலைன்னா நீங்க சொல்ற மாப்பிள்ளை. சரியாப்பா?" அப்பா சரி என்றார். நிச்சயம் வாங்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பாய் மாமா தன் பழைய பைக்கைக் கொடுத்தார். அக்கா எங்கள் சந்திலேயே ஓட்டப் பழகினார். எங்கள் சந்தைப் பார்த்தவர்களுக்கு அதில் பைக் எப்படிப் போகும் என்பது தெரியும். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, வாளிக்கும் சுவருக்கும் இடையில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தாராவிச் சந்துகளில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். இரண்டாவது கியர் என்ற ஒன்று இருப்பதே பலருக்கு மறந்து போயிருக்கும். அக்காவும் அதையே சரியான ஓட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் தேர்வன்று நானும் போயிருந்தேன். எட்டு வடிவத்தில் ஓட்டச் சொன்னார்கள். அவ்வளவு அகலமான மைதானத்தில், சுற்றிலும் சுவரே இல்லாத இடத்தில், அக்கா இரண்டு காலையும் இறக்கித் தரையைத் தேய்த்துக்கொண்டே அழகாக எட்டுப் போட்டு முடித்தார். முடித்துவிட்டுச் சிரிக்கவும் செய்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பாவ் நீச்சே. ஃபேல்" என்றார். கால் தரையில் பட்டாலே தோல்வி என்பது எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும், "ஏட்டி, நமக்கு மைதானம் வேணும்" என்றார்.

மைதானம் என்று இருந்தது குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு வெற்றிடம். அதில் பாதியைக் கிரிக்கெட்டும் மீதியை ஒரு டெம்போவும் பிடித்திருந்தன. டெம்போக்காரரிடம் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லி அக்கா கேட்டார். பொம்பளைப் பிள்ளை பைக் ஓட்டுவதற்காகத் தன் வண்டியை எடுக்க வேண்டுமா என்று அவர் குதித்தார். சண்டை பெரிதாகி, நான்தான் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அம்மாவுக்கு, தோற்றதற்குக் காரணம் வண்டிக்குப் பூஜை போடாததுதான். மறுநாள் விடிவதற்குள் எழுந்து, டயரில் வைத்து நசுக்க நான்கு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். அக்கா அவற்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நசுக்கறதுக்கு வேண்டாம்மா. நசுக்காம இருக்கறதுக்கு வச்சுக்கிடுதேன்" என்றார். அக்காவுக்குக் கோலம் போட வராது. அதற்கு நான் இருந்தேன். டெம்போவுக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த இடத்தில் கோலமாவால் பெரிய எட்டு ஒன்றை இழுத்தேன். வளைவுகளில் ஆளுக்கு இரண்டாகப் பழங்களை வைத்தோம். டயர் பழத்தில் ஏறினால் தப்பு, கால் தரையில் பட்டால் அதுவும் தப்பு. அக்கா ஓட்டினார். விழுந்தார், எழுந்தார், மறுபடியும் ஓட்டினார். வெளிச்சம் வந்ததும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

சாயங்காலம் போனால் டெம்போவைக் காணோம். கிரிக்கெட் கோஷ்டி மைதானத்தின் அடுத்த கோடிக்குப் போயிருந்தது. எங்கள் எட்டு, ஒரு காலடிகூடப் படாமல், போட்டபடி வெள்ளைவெளேரென்று கிடந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை ஓடிவந்து எங்களைத் தடுத்தார்.

"ஏட்டி, அங்கிட்டுப் போயிராதீக. எவளோ செய்வினை வச்சிருக்கா. மாவுல சக்கரம் எழுதி, நாலு மூலையிலயும் பழம் வச்சிருக்கா பாரு."

அக்கா முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார். "அப்படியா அத்தை? யாருக்கு வச்சிருக்காவளாம்?"

"டெம்போக்காரனுக்குத்தான். நேத்து எவ கூடயோ சண்ட போட்டாம்லா! அதான் வண்டிய எடுத்துட்டு ஓடிட்டான்."

சண்டை போட்டவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமல் வந்துவிட்டது. அக்கா நிதானமாகப் பைக்கை உதைத்துக் கிளப்பி, அத்தை கண்ணெதிரே, அந்தச் சக்கரத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். "ஐயையோ, செய்வினை மேலயே வண்டிய ஏத்துதாளே!" என்று அத்தை அம்மாவிடம் ஓடினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் சொன்னா எங்க கேக்கா" என்றார். அன்றிலிருந்து அந்த மைதானம் அக்காவுக்கு. மாவு அழிந்தால் நான் திரும்பப் போட்டேன். பழம் வாடினால் புதுப்பழம் வந்துவிடும். தாராவியில் கால் நீட்ட இடம் கிடைக்காமல் எத்தனையோ பேர் தவிக்கும்போது, நான்கு எலுமிச்சம்பழத்தால் ஒரு மைதானத்தையே வாங்கிய மனுஷி எங்கள் அக்கா. அன்று எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

வானம் இருட்டத் தொடங்கியிருந்த ஒரு நாளில் அக்கா மறுபடியும் தேர்வுக்குப் போனார். அதே இன்ஸ்பெக்டர். அக்காவின் கால் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. சுற்றி முடித்து நிறுத்தச் சொன்ன பிறகும், இறக்கலாமா கூடாதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் வண்டியோடு சாயப் போனார். "அரே, அப் தோ பாவ் ரக்" என்று, இப்போதாவது காலை வை என்று, இன்ஸ்பெக்டரே கத்தினார். பாஸ்.

அன்று சாயங்காலம் அக்கா கடைசியாக வைத்த நான்கு பழங்களையும் எடுத்துவந்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து, பெரிய குண்டானில் ஜூஸ் கலக்கிச் சந்து முழுவதற்கும் கொடுத்தார். எல்லோரும் பாதி குடித்த பிறகுதான், அது எந்தப் பழம் என்று சொன்னார். டம்ளர்கள் அப்படியே நின்றன. பேச்சியம்மாள் அத்தை டம்ளரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப் பாவி, உன் வேலைதானா!" என்றவர், "சீனி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று மீதியையும் குடித்துவிட்டார். அதன் பிறகுதான் மற்றவர்களும் குடித்தார்கள். டெம்போக்காரர் இரண்டாவது டம்ளர் வாங்கினார்.

அப்போது அம்மா எங்களிடம், "வாரத்துக்கு வாரம் பழம் வாங்கினீங்களே, ஏது காசு?" என்று கேட்டார். அம்மா வாங்கி வைக்கிறார் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்! மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா டம்ளரைக் குனிந்து பார்த்தபடி, "வாடுன பழம் இருட்டுல கண்ணுக்குத் தெரியாதுல்லா" என்றார். ஊர் மாப்பிள்ளை வீட்டுக்கு, வேண்டாமென்று அவரே போன் செய்தார். அக்கா என் முன்னால் அழுதது அன்று ஒரு நாள்தான்.

அக்கா வண்டி ஓட்டிய முதல் வருடங்களைப் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முதல் மழைக்காலத்தில் ஒரு நாள், உதவிக்கு நானும் போனேன். கிங் சர்க்கிள் பக்கம் தண்ணீர் சைலன்சருக்கு மேல் ஏறியிருந்தது. கார்கள் நின்றுவிட்டன. பெரிய பெரிய பைக் வைத்திருந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் ரத்தக் குப்பிகள் இருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அக்கா முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தளரவிடாமல், காலை இறக்காமல், அந்தத் தண்ணீரைக் கடந்தார். "கீழ பாக்காத. அந்தக் கரையப் பாரு" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. என் சொந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தும், யாரோ பெரிய ஆளோடு போவதுபோல இருந்தது.

மாதுங்கா வீட்டில் ஒரு பெரியவர் காபி டபராவைக் கையில் எடுத்திருந்தார். சொட்டச் சொட்ட நின்ற அக்காவைப் பார்த்ததும் கீழே வைத்தார். "ஏம்மா, இந்த மழையில நீ எங்க வரப்போறேன்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் லேட்டாயிருந்தா குடிச்சிருப்பேன்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேனே மாமா" என்றார். அந்தப் பெரியவர் வீட்டில் காபி வாசனை வரும்போதெல்லாம் அக்காவைப் பற்றித்தான் பேசுவார்களாம்.

பிறகு அப்பாவும் பின் சீட்டில் ஏறினார். செம்பூர் முருகன் கோயிலுக்குப் போகும்போது, தெரிந்தவர்கள் வசிக்கும் தெரு வழியாகப் போகச் சொல்வார். மான்குர்த்திலிருந்து மணமகனாக வந்த அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமாகி வீட்டுக்கு வந்ததே அக்காவின் பின்னால் உட்கார்ந்துதான். அவர்கள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதே வண்டி. கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் அக்கா அந்த மைதானத்தில் எட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார். பழம் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்தபோது, வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். குத்திக் குத்தித் தழும்பேறிய கையில் நரம்பு கிடைக்காமல் தடுமாறினாள். அக்கா தானே தடவி, "இங்க குத்தும்மா, பயப்படாத" என்று காட்டினார். எடுத்து முடித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "கியர் வண்டியா, கியர் இல்லாததா?" இல்லாதது என்றாள். "கியர் கத்துக்கோ. எந்த வண்டி கெடைச்சாலும் ஓட்டலாம்ல" என்றார். அதற்கு அடுத்த வாரம் அக்கா நம்மை விட்டுப் போனார்.

அக்காவின் கடைசி நாட்களில் மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருந்த முலுண்ட் சித்தி குடும்பத்தாருக்கும், தன் பைக்கைத் திரும்பக் கேட்காத பாய் மாமாவுக்கும், இறுதி ஊர்வலத்துக்கு வழி ஒழுங்கு செய்த சந்து மக்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. பேர் தெரியாத இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினாறாம் நாள் காலையில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போனேன். தரையில் வெள்ளையாக ஒரு எட்டு. வளைவுகளில் நான்கு எலுமிச்சம்பழங்கள். நாங்கள் யாரும் போடவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து, பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு டெம்போக்காரர் வண்டியை அதற்கு வெகுதூரம் தள்ளி நிறுத்தினார். தமிழர் இல்லை, இங்கே புதிதாக வந்தவர். ஏன் அவ்வளவு தள்ளி நிறுத்துகிறீர்கள் என்று இந்தியில் கேட்டேன்.

"லிம்பு ரக்கா ஹை நா" என்றார். எலுமிச்சை வைத்திருந்தால் யாரோ வண்டி பழகுகிறார்கள் என்று அர்த்தமாம். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். இங்கே அதுதான் வழக்கமாம். யார் கொண்டுவந்த வழக்கம் என்று கேட்டேன். "பதா நஹி, தெரியாது. எப்பவும் இருக்கறதுதான்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சுற்றி முடித்து நிறுத்தும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தோம். நான்கு பழங்களும் முழுசாக இருந்தன.