காயம் என்று சொன்ன சனிக்கிழமை

அந்தப் பெரிய அரங்கின் மேல் பால்கனியில் நான் எழுந்து நின்று கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தபோது என் அண்ணை ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். என் கணவருக்கு அது தெரியும். பக்கத்தில் நின்ற என் சிநேகிதிக்கும் தெரியும். எங்கள் பங்குக் கோயிலுக்கு வரும் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்லும் வேலை எனக்குப் பிடிக்காது. அதை எனக்குச் செய்தவர்கள் போதும்.

மியூசிக்கல் என்றால் என்னவென்று தெரியாமல்தான் முதல் தடவை போனேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு கார்தெரியில் சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. அங்கே பொறுப்பாக இருந்த மனுசி, தன் கணவனுக்குக் காய்ச்சல் என்று, மிஞ்சிய டிக்கெட்டை என் கையில் வைத்தாள். சும்மா கிடைத்ததை வேண்டாம் என்பானேன் என்று போனேன். போய் இருந்தால் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் வாத்தியக்காரர்கள். வெளிச்சம் அணைந்து அந்தப் பள்ளத்திலிருந்து இசை எழும்பியதும் நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். ஒருத்தி பாடினாள், பிறகு இரண்டு பேர் பாடினார்கள், பிறகு மேடையில் நின்ற சனம் முழுவதும் ஒரேயடியாக வாய் திறந்தது. நான் இருந்த கதிரை அதிர்ந்தது. படியும் யன்னலும் விளக்குமாக ஒரு முழு வீடு மேலேயிருந்து இறங்கி வந்து நின்றது. அதற்குள் ஆட்கள் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். அடக் கடவுளே, இப்படியும் ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன? நாள் முழுக்க மூக்குத் துடைத்து, காற்சட்டை மாற்றி, தாய் தகப்பனுக்கெல்லாம் போன்ஜூர், மெர்சி சொல்லி அலுத்துப்போனவள் நான். ஒரு மனுசி கதவைத் திறந்துகொண்டு வந்து, தன் மனக்கவலையை நெஞ்சு நிறையப் பாடிக் கொட்டிவிட்டுப் போகலாம், ஊரே எழும்பி நின்று அவளுக்குக் கைதட்டும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டில் நான் என் கவலையைச் சொன்னால் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

அதன் பிறகு பெரிய குழு எது வந்தாலும் விடவில்லை. துணைக்கு ஒருத்தி கிடைத்தாள். மன்னார்ப் பெண், எங்கள் கோயிலில் பாடற்குழுவில் இருந்தவள். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. என்னைவிட வயதில் குறைந்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேரும் நல்ல உடுப்புப் போட்டு, மெட்ரோவில் இருந்து இறங்கி, நிலத்துக்கு அடியிலேயே நடந்து அரங்குக்குள் போவோம். எப்போதும் கடைசி வரிசைகள்தான். "கண்டறியாத பாட்டும் கூத்தும்!" என்று கணவர் சொல்வார். சொன்னாலும் பனி நாட்களில் மெட்ரோ வரைக்கும் காரில் கொண்டுவந்து விடுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பார்த்ததையெல்லாம் அண்ணைக்குச் சொல்வேன். அவர் கிளிநொச்சியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். சண்டை ஓய்ந்திருந்த வருடங்கள் அவை, தொலைபேசி எடுக்கலாம். நான் கதையைச் சொல்லி, பாட்டை மூக்கால் முனகிக் காட்டி, அழும் இடத்தில் அழுது முடிக்க, அவர் கேட்பார்:

"அது கிடக்கட்டும். அந்த வீடு மேலயிருந்து என்னெண்டு இறங்கினது? கயிறோ, மோட்டரோ?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை? இறங்கினது, அவ்வளவுதான்."

"பார்க்கத்தானே போனனீ? அடுத்த முறை வடிவாப் பார்."

எனக்குப் பாட்டு, அவருக்குக் கப்பி. அதனால் அடுத்தடுத்த தடவைகளில் நான் கழுத்தை நீட்டி மேடையின் கூரையை ஆராய்வேன். முன்னால் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். கப்பல் வந்தால் சில்லு எங்கே என்று தேடுவேன், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பேன். கண்டுபிடித்துச் சொன்னால் அண்ணை தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு காட்சியை நான் இரண்டு பேருக்காகப் பார்த்தேன். அந்தச் சந்தோசத்துக்கு ஈடாக இந்த நாட்டில் எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது, இறுகியது. கிளிநொச்சிச் சனம் சட்டி பானையோடு கிழக்கே நகர்ந்துகொண்டே போனது. அண்ணையின் தொலைபேசி செத்தது. இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று சொல்ல ஆளில்லை. கொடுங்குளிரில் பதாகை பிடித்து நின்றோம். இணையத்தில் வந்த படங்களில் கிடந்த உடல்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். கார்தெரியில் பிள்ளைகளுக்குச் சோறூட்டிவிட்டு கழிப்பறைக்குள் போய் அழுவேன்.

அப்போதுதான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். அண்ணை உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி வரும்வரை மியூசிக்கல் பார்க்க மாட்டேன். சாப்பாட்டை விடுவதாகச் சொல்லியிருக்கலாம், அது எனக்குக் கடினமில்லை. இதுதான் எனக்கு நோகும், அதனால் இதைக் கொடுத்தேன். பங்குனிக் கடைசியில் ஒரு பெரிய குழு வருவதாக இருந்தது. டிக்கெட்டுகளை நாங்கள் இலையுதிர் காலத்திலேயே வாங்கியிருந்தோம். என்னுடையதை யாருக்காவது கொடு என்று மன்னார்ப் பெண்ணிடம் சொன்னேன். "வைச்சிருப்பம் அக்கா. அந்தோனியார் கைவிடமாட்டார்," என்றாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சாவுச் செய்தியை ஒரே மூச்சில் சொல்வதில்லை. முதலில் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். பேந்து, கடுமையாம் என்பார்கள். பிறகு ஆட்கள் வந்து சுற்றியிருந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, வயிற்றுக்குள் ஏதாவது போனதை உறுதி செய்த பிறகுதான் கடைசிச் சொல். சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா? நல்ல மனதோடு செய்வதுதான். நானும் மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். கணவர் குசினி வாசலில் வந்து நின்றார். லண்டனில் இருக்கும் மச்சான் முதல்நாளே அவருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாம் சொல்லிவிட்டான். ஷெல் விழுந்தது, கூட இருந்தவர்களே புதைத்துவிட்டார்கள், எல்லாம். இவர் இரவு முழுக்க அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறார். இப்போது முதற்படியைச் சொல்ல வந்திருக்கிறார்.

"இஞ்சேரும். அண்ணையைப் பற்றி ஒரு கதை வந்தது."

அகப்பை கையில் இருந்து விழுந்தது. செத்துப்போனார் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"காயமாம்," என்றார். "ஆசுப்பத்திரியில வைச்சிருக்கினமாம்."

"உயிரோட இருக்கிறாரோ?"

அவர் இதற்குத் தயாராக வரவில்லை. காயம் என்று கேட்டதும் நான் அழுவேன், இரண்டாம் படியைப் பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். காயம் என்ற சொல் எனக்குத் தேன் மாதிரி இருக்கும் என்று அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?

"ஓம்," என்றார்.

"எங்க காயம்?"

"காலிலையாக்கும்."

கால்! கால்தானே! நான் சிரித்தேன். வாய்விட்டு, வீடு அதிரச் சிரித்தேன். சமையலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அந்தோனியார் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழும்பியதும் நினைவு வந்தது. அந்தக் காட்சி இன்றைக்கு, மத்தியானம் இரண்டு மணிக்கு. நேர்த்தி நிறைவேறிவிட்டது!

"தவக்காலத்தில என்ன கூத்து வேண்டிக் கிடக்கு?" என்றார் அவர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அந்தோனியாரே விட்டிட்டார், உங்களுக்கென்ன?" என்று கத்திவிட்டு அலுமாரியைத் திறந்தேன். சிவப்புச் சேலையை எடுத்தேன்.

மன்னார்ப் பெண் வந்து சேர்ந்தபோது நான் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கணவர்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார், கடைசிச் சொல்லைச் சொல்லும்போது என்னைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று. அவள் வாசலில் என் சேலையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். "அண்ணை உயிரோட இருக்கிறாராமடி!" என்று நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவளுடைய உடம்பு விறைத்திருந்தது. வெளியில் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய காட்சி ஒரு துறைமுகப் பட்டினத்துக் கதை. மேடைக்கு நடுவில் ஒரு பாலம் பிளந்து இரண்டு பக்கமும் உயரும், அடியில் தோணி போகும். பாலத்தின் துண்டுக்கு ஒருவராக இரண்டு பேர் நின்று பாடுவார்கள். நான் மாதக்கணக்கில் பாட்டே கேட்காமல் இருந்தவள். வாத்தியங்கள் எழும்பியபோது உடம்பெல்லாம் சூடு பரவியது. இதற்கு முன்னும் பின்னும் நான் ஒரு காட்சியை அப்படி அனுபவித்ததில்லை. ஒவ்வொரு பாட்டும் என் அண்ணை பிழைத்ததற்காகப் பாடியது போலவே இருந்தது. பாலம் உயர்ந்ததும் நான் கூரையைப் பார்த்தேன். கயிறு இல்லை. அடியில் பார்த்தேன். பலகைக்குக் கீழே இரும்புத் தண்டு மினுங்கியது. கண்டுபிடித்துவிட்டேன்! அவளுடைய தொடையில் அடித்து, "கீழயிருந்து தள்ளுறாங்கள். ஆசுப்பத்திரிக்கு போன் எடுத்தால் அண்ணைக்குச் சொல்லவேணும்," என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

இடைவேளையில் ஒரு சான்ட்விச் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் திணித்தாள்.

"சாப்பிடுங்கோ அக்கா."

"பசிக்கேல்லையடி. நீ சாப்பிடு."

"தவக்காலம், நான் ஒருசந்தி நோன்பு. நீங்கள் சாப்பிடுங்கோ. முழுக்கச் சாப்பிடுங்கோ."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உறைக்கவேண்டிய இடம் அது. உறைக்கவில்லை. காட்சி முடிந்து சனமெல்லாம் எழும்பியபோது அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பாட்டு அவளையும் பிடித்துவிட்டது என்று சந்தோசப்பட்டு நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.

திரும்பி வரும் வழி முழுக்க நான்தான் கதைத்தேன். எங்கள் மாடியில் லிப்ட் கதவு திறந்தது. என் வீட்டு வாசலில் இருந்து நடை முழுவதும் பனிச்சப்பாத்துகள். ஆண்களுடையது, பெண்களுடையது, சேற்றுப்பனி உருகி ஊற்றிக்கொண்டிருந்தது. காலில் காயம் பட்டதற்கு இத்தனை பேர் வருவார்களா? நான் நின்றுவிட்டேன். அவள் என் இரண்டு கையையும் பின்னாலிருந்து பிடித்தாள்.

உள்ளே யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் சத்தம் வைத்தேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கோயில்காரப் பெண்ணொருத்தி என் காதுக்குள் குனிந்து, "பிள்ளை, முதல்ல அந்தச் சேலையை மாத்தும்," என்றாள். அவளுக்கு என் சேலை பெரிதாகப் போய்விட்டது. "மாத்தமாட்டன்! போங்கோ எல்லாரும்! கோதாரியில போங்கோ!" என்று கத்தினேன். ஒருவரும் போகவில்லை. சிவப்புச் சேலையோடும் உதட்டுச் சாயத்தோடும் நான் நடுவில் இருந்தேன், அவர்கள் சுற்றியிருந்து செபமாலை சொன்னார்கள்.

அடுத்தநாள் காலை, பழுதாகிப்போன பருப்பைக் கொட்டிச் சட்டி கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் போய் நின்றேன்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்? ஓம் எண்டு ஏன் சொன்னனீங்கள்? என்னை ஏன் போக விட்டனீங்கள்?"

அவர் குழாயை மூடவில்லை. "மறிக்கத்தான் வாயெடுத்தனான்," என்றார். "நீர் சிரிச்சனீர். எத்தினை மாசத்துக்குப் பிறகு சிரிச்சனீர். எனக்கு ஏலாமல் போச்சு."

அந்தச் சட்டியைப் பிடுங்கி எறிந்தேன். அவரோடு வாரக்கணக்கில் கதைக்கவில்லை. அந்தோனியாரோடு இன்றுவரை கோபம்தான். யாராவது என்னிடம் வந்து இன்னாருக்குக் கடுமையாம் என்று இழுத்தால், "செத்துட்டாரோ, நேரச் சொல்லும்," என்று முகத்துக்கு நேரே கேட்பேன். விசரி என்பார்கள். சொல்லட்டும்.

என்னை ஏமாற்றினார்கள். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு யாராவது வந்து, அந்தப் பின்னேரத்தை உன்னிடமிருந்து எடுத்துவிடுகிறோம், உண்மையைக் காலையிலேயே சொன்னதாக வைத்துக்கொள் என்றால், தரமாட்டேன். சண்டை பிடிப்பேன், தரமாட்டேன். உலகம் முழுவதும் அவரைப் புதைத்துவிட்டிருந்தது. அந்தப் பால்கனியில், என் கதிரையில், காலில் காயத்தோடு என் அண்ணை உயிரோடு இருந்தார்.