பனிமலையில் நசியாத தேசிக்காய்

கலியாணம் முடிந்த அதே கிழமை இவருக்கு வேலை போனது. மிசிசாகாவில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலை. ஓடர் குறைந்துவிட்டது என்று பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் எல்லா நாட்டு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் ரொறன்ரோவின் வோபர்னில் நாங்கள் இருந்த வீட்டில், அதற்குக் காரணம் நான்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. நான்கூட இல்லை, என் கால்.

அது இவருடைய அக்காவின் வீடு. எனக்கு மச்சாள். தாயில்லாத தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு ஆளாக்கியவர் அவர். நான் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் குளிர் ஜாக்கெட்டோடு எனக்காக நின்றவரும் அவர்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் ஒருநாள் குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டு நிற்கும்போது, அவர் தொலைபேசியில் யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது.

"என்னத்தைச் சொல்ல? அவள் கால் வைச்ச நேரம் தம்பிக்கு வேலை போட்டுது. பிள்ளை நல்ல பிள்ளைதான். கால்தான் சரியில்லை."

பிழிந்த கை பிழிந்தபடியே நின்றது. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆனால் தேவாரம் தெரியும். வெள்ளிக்கிழமை விரதம் விட்டதில்லை. பதுங்குகுழிக்குள்ளும் விளக்கு வைத்துக் கும்பிட்டவள். ஊரில் செல் குண்டு விழுந்த ஒழுங்கைகளுக்குள்ளால் என்னை உயிரோடு நடத்திக்கொண்டு வந்தவை இந்தக் கால்கள். கடவுள் தந்த கால்களைக் குறை சொல்ல மச்சாள் யார்? எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதைவிட என்னை வருத்தியது, இவரும் திறக்கவில்லை என்பதுதான். பக்கத்து அறையில் இருந்த அவருக்கும் அது கேட்டிருக்கும்.

எங்கள் கலியாணத்துக்கு வந்த பரிசெல்லாம் ரைஸ் குக்கர். ஒன்று மட்டும் வேறு மாதிரி. இவரோடு வேலை செய்த ஒரு ஜப்பான்காரர் கொண்டுவந்தது. வயதானவர். அவருடைய ஊரில் பனி கூரை மட்டத்துக்குக் குவியுமாம். அவரும் மனைவியும் தேனிலவுக்கே பனிச்சறுக்கத்தான் போனார்களாம். புதுசாய்க் கட்டினவர்கள் ஒருமுறை சேர்ந்து விழுந்து எழும்ப வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வேலையிடத்து ஆட்களைச் சேர்த்து, ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மலையில் நாங்கள் தங்கவும் சறுக்கப் பழகவும் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தார்.

வேலை போனதும், அந்தப் பரிசை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார் மச்சாள். இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் கதை வந்தது.

"வேலை இல்லாதவனுக்கு ஹனிமூன் கேக்குதோ? ஊரிலை சனம் மரத்துக்குக் கீழை படுக்குது."

"எல்லாத்துக்கும் காசு கட்டியாச்சு, அக்கா," என்றார் இவர், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

"கட்டினா? இவள் போன கிழமை பஸ் ஸ்ரொப்பிலையே சறுக்கி விழுந்தவள். மலையிலை போய் என்ன செய்யப்போறாள்? வேற கால் எண்டாலும் பரவாயில்லை..."

மச்சாள் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.  அவருடைய மனுசன் ஒரு அப்பளத்தை நொறுக்கினார்.

"நாங்கள் போறம், மச்சாள்," என்றேன். "இந்தக் காலோடைதான் போறன்."

அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் உரத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"விடுமப்பா, போகட்டும்," என்றார் மச்சாளின் மனுசன். "விழுந்தாலும் பஞ்சிலை விழுந்த மாதிரித்தானே."

வெளிக்கிடும்போது சாமித்தட்டிலிருந்து திருநீறும் இரண்டு தேசிக்காயும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துப்போட்டுத்தானே ஓடத் தொடங்குகிறோம்? சறுக்குப் பலகையும் ஒரு வாகனம்தான். இரண்டு பலகை, இரண்டு தேசிக்காய். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் கைப்பையைக் காரிலேயே மறந்துவிட்டு விடுதிக்குள் போய்விட்டோம். அது இரவு முழுக்கக் குளிரில் கிடந்தது.

காலையில் சப்பாத்துக் கொடுக்குமிடத்தில் முதல் சண்டை. அந்தச் சப்பாத்து இரும்புப் பெட்டி மாதிரி. கால்விரல் மிஞ்சியில் அழுத்தி உயிர் போனது. கொடுத்த பெண் மிஞ்சியைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"கழட்டட்டாம்," என்றார் இவர்.

"அம்மி மிதிச்சுப் போட்டது. கழட்டமாட்டன். பெரிய சைஸ் தரச் சொல்லுங்கோ."

ஆம்பிளைச் சப்பாத்து ஒன்று வந்தது. உள்ளே இரண்டு சோடி காலுறை போட்டேன். ஆனை மாதிரி நடந்துபோய், குழந்தைகள் பழகும் சின்னச் சரிவில் நின்றோம். பழக்குகிறவர் இரண்டு உள்ளங்கையையும் கூரை மாதிரிச் சேர்த்துக் காட்டினார். பலகைகளின் நுனியை அப்படிச் சேர்த்தால் வேகம் குறையுமாம். அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் நான் காலையில் காரிலிருந்து எடுத்துவந்த தேசிக்காய்களை வெளியே எடுத்தேன்.

"இஞ்சையோ வைக்கப்போறீர்?" என்றார் இவர். "எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

"அதை மனசுக்குள்ளை வைச்சுக் கும்பிடும்."

"கார் வாங்கேக்கை மனசுக்குள்ளையோ வைச்சனீங்கள்?"

 பிள்ளையாரே என்று நெற்றியில் திருநீறு இழுத்து, தேசிக்காய்களைப் பனியில் வைத்து, வலப் பலகையை ஒன்றின் மேல் ஊன்றி அழுத்தினேன். எத்தனையோ தேசிக்காய் நசிவதைப் பார்த்திருக்கிறேன். குளிரில் கிடந்தது கல்லாகும் என்று யாருக்குத் தெரியும்? அது நசியவில்லை, உருண்டது. பலகை அதற்கு மேலால் வழுக்கியது. நான் போனேன்.

"முருகா!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும். பின்னாலே இவர், "நுனியைச் சேரும்! நுனியைச் சேரும்!" என்று கத்தினார். கூரை மாதிரி வைத்த அந்த இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நுனிகளைச் சேர்த்தேன். வேகம் குறைந்தது. கீழே கட்டியிருந்த செம்மஞ்சள் வலைக்கு முன்னால் நின்றுவிட்டேன். விழாமல். நிமிர்ந்து.

என்னைப் பிடிக்கவென்று ஓடிவந்த இவர் மல்லாந்து சறுக்கி, ஒரு பலகை இல்லாமல், என் காலடியில் வந்து நின்றார்.

"என்ன, கால் பிடிக்க வந்தனீங்களோ?" என்றேன்.

வேலை போன நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இவர் சிரித்தார். பனியில் படுத்தபடி, கண்ணீர் வரச் சிரித்தார். "அக்கா இதைப் பாத்திருக்கோணும்."

"பாக்கத் தேவையில்லை. அக்காவுக்கு நீங்கள் சொல்லோணும். நான் சொன்னா வாய்க்காரி. நீங்கள் சொன்னாத்தான் அது முடியும்."

சிரிப்பு நின்றது. எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எழும்பி, என் பலகையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார். பிறகு நாங்கள் திரும்ப மேலே ஏறினோம். அதன் பிறகு எத்தனையோ தரம் விழுந்தேன், அதை மறைக்கமாட்டேன். ஒவ்வொரு தரமும் என்னுடைய காலில்தான் எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முதலே மச்சாள் கேட்டார்: "கால் கிடக்குதோ?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"அக்கா, அவவின்ரை காலைப் பற்றி இனி இந்த வீட்டிலை கதைக்கவேண்டாம். கதைச்சா நாங்கள் வேற வீடு பாப்பம்."

வேலையில்லாத மனுசன் சொன்ன வார்த்தை அது. மச்சாள் முகம் சுருங்கியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் தலை குனியவில்லை.

பனி கரைந்த காலத்தில் தொழிற்சாலை இவரைத் திரும்பக் கூப்பிட்டது. மச்சாள் சர்க்கரைப் பொங்கல் பொங்கினார். என் கையில் ஒரு கிண்ணத்தை வைத்து, கதைக்கவேண்டாம் என்றதை மறந்து, சந்தோசமாய்ச் சொன்னார்: "பாத்தீரே, மலையிலை ஏறி வந்த கால் ராசியான கால்!"

வாயை மூடிக்கொண்டு பொங்கலைச் சாப்பிட்டிருக்கலாம். புகழ்ச்சிதானே. ஆனால் இதை வாங்கினால் அந்தப் பழியையும் வாங்கினதாகிவிடும்.

"இல்லை மச்சாள். பக்டரிக்கு ஓடர் வந்தது. வேலை போனதும் என்ரை காலாலை இல்லை, வந்ததும் என்ரை காலாலை இல்லை."

"பின்னை என்னத்துக்கு அங்கை தேசிக்காய் வைச்சனீர்? தம்பி எல்லாம் சொன்னவன்."

"அது பிள்ளையாருக்கு. கால் என்ரை."

 மச்சாள் பொங்கல் பானையை அகப்பையால் சுரண்டினார். பிறகு, பானையைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்த மலையிலை என்ரை காலுக்குச் சப்பாத்து இருக்குமோ?"